இரண்டாம் தட்டில் இருந்த துப்பாக்கி

ஓடைப்பட்டி வாசுகி நர்சரி பிரைமரிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த இசக்கிராஜ், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் காலை இடைவேளையில் விளையாட்டில் சுடப்பட்டுச் செத்துப்போனான். செத்தவன் மார்கழி பிறப்பதற்கு நாலு நாள் முன்பு வரை செத்தபடியே கிடந்தான். அந்த இரண்டு மாதமும் வேளாவேளைக்குச் சாப்பிட்டான், எட்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தான், பக்கத்தில் இருந்தவனைக் கிள்ளினான், எழுந்திருக்க மட்டும் இல்லை. நான் அந்தப் பள்ளியில் எழுத்தர். நடந்ததைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் என் வேலை, அது எப்படி நடந்தது என்று மண்டையைக் குழப்பிக்கொள்வது என் வேலை இல்லை என்று இருபது வருஷமாக இருந்தவன். இந்த விஷயத்தில் என் கையெழுத்தும் இருப்பதால் குழப்பிக்கொண்டுதான் ஆகவேண்டியிருக்கிறது.

எல்லாம் ஒழுங்கு விதிகளில் ஆரம்பித்தது. எங்கள் பள்ளி டைரியின் கடைசிப் பக்கத்தில் இருபத்து மூன்று விதிகள் அச்சாகியிருக்கும். எழுதியவர் ஜெபக்கனி டீச்சர்; நாலாம் வகுப்பு ஆசிரியை, பள்ளியின் ஒழுங்குக்கும் அவரே பொறுப்பு, ஐம்பத்திரண்டு வயது, காலையில் கட்டிய சேலை மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லும் பெற்றோர் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனசு வராது, ஏனென்றால் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பிள்ளை விளையாட்டாக நீட்டிய காம்பஸ் முனை இன்னொரு பிள்ளையின் கண்ணில் ஏறிவிட்டது, அந்தக் கண்ணை அவர் இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் பதினேழாம் விதியில் கத்தி, பிளேடு, கவண் என்று எழுதியிருந்தவர் இந்த ஜூன் மாதம் இன்னொரு வரியும் சேர்த்தார்: குச்சி, ஸ்கேல், பென்சில், கைவிரல் முதலிய எதனாலும் ஆயுதம் போலக் காட்டுவதும் ஆயுதமாகவே கருதப்படும். தட்டச்சு செய்தவன் நான். கைவிரல் என்ற இடத்தில் ஒரு நிமிஷம் தயங்கினேன், பிறகு எனக்கென்ன வந்தது என்று முடித்துவிட்டேன்.

விளையாடும் பிள்ளைகளுக்கும் விதிகள் உண்டு, அவை டைரியில் அச்சாகவில்லை, அவ்வளவுதான். சுடுகிறவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, ஒரு முழங்கால் மண்ணில் பட, ஒரு கண்ணை மூடி, டுமீல் என்று சத்தம் கொடுக்க வேண்டும்; சுடப்பட்டவர் விழ வேண்டும்; விழுந்தவர் தானாக எழக்கூடாது; துப்பாக்கி வைத்திருப்பவர் அதே துப்பாக்கியால் நெற்றியைத் தொட்டு உயிர் என்று சொன்னால்தான் எழலாம்; எழுந்தவருக்கு அடுத்த வாய்ப்பு. இந்த விதிகளை எந்தப் பிள்ளையும் மீறி நான் பார்த்ததில்லை, எங்கள் இருபத்து மூன்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து சுட்டவள் இரண்டாம் வகுப்பு பொன்ரதி. விழுந்தவன் இசக்கிராஜ். பள்ளியிலேயே அழகாக விழுகிறவன் அவன்தான் என்பதால் எல்லோருக்கும் அவனைத்தான் சுட ஆசை. நெஞ்சைப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மண்ணில் மல்லாந்து, கடைசியாக ஒரு காலை மட்டும் உதறி ஓய்வான். அந்தக் கால் ஓய்கிற நேரத்தில் ஜெபக்கனி டீச்சரின் விசில் ஊதியது. பொன்ரதியைக் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பயமுறுத்துவதற்காகத்தான், ஆயுதத்தை ஒப்படை என்று என் மேசையைக் காட்டினார்.

அந்தச் சிறுமி அழவில்லை. நீட்டியிருந்த இரண்டு விரல்களையும் மெதுவாகப் பிரித்தாள், இடது கையைக் கீழே கொடுத்து எதையோ தாங்கினாள், இரண்டு கைகளாலும் அதை என் மேசைமேல் வைத்தாள். மேசைக் கண்ணாடி டக்கென்றது. நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் என்னைப் பார்த்தார். பறிமுதல் பதிவேட்டை எடுத்தேன். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல், துப்பாக்கி, ஒன்று என்று எழுதினேன். பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் ஜெபக்கனி டீச்சர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பம்பரத்துக்கும் ஒரு செல்போனுக்கும் நடுவில் பீரோவின் இரண்டாம் தட்டில் வைத்துப் பூட்டினோம். பொன்ரதிக்குத் தண்டனையாக, என்னிடம் துப்பாக்கி இல்லை என்று நூறு தடவை எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார் டீச்சர். மண்ணில் கிடந்தவனை யாரும் நினைக்கவில்லை.

சாயங்காலம் பூஜைக்காக ஆயா செண்பகவடிவு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். மணிக்கு வைத்தாள், கம்ப்யூட்டருக்கு வைத்தாள், பீரோவைத் திறந்து ஒவ்வொரு தட்டுக்கும் வைத்தாள். இரண்டாம் தட்டில் அவள் வைத்த பொட்டு தட்டுக்கு ஒரு சாண் மேலே, பம்பரத்துக்கும் செல்போனுக்கும் நடுவில், வெறும் காற்றில் நின்றது. செண்பகவடிவு கொஞ்சம் தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஸ்டாம்ப் பேடுக்கு வைக்கப் போய்விட்டாள்.

அன்று காலை இசக்கிராஜை இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் கழித்துத்தான் வகுப்பு டீச்சர் தேடினார். அவன் மண்ணிலேயே கிடந்தான். எழுந்திருடா என்றதற்கு, செத்துட்டேன் மிஸ், பொன்ரதி வந்து உயிர் குடுக்கணும் என்றான். பொன்ரதியைக் கூட்டி வந்தார்கள், அவள் வெறுங்கையால் நெற்றியைத் தொட்டு உயிர் என்றாள், ஒன்றும் ஆகவில்லை. பி.டி. மாஸ்டர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார், பையனின் கால்கள் ஈரத்துணி மாதிரி மடிந்தன. நடிக்கிறான் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் முழங்காலில் தட்டினார், கால் துள்ளியது. நரம்பு சரி, எலும்பு சரி, ரத்தம் சரி என்றார். கடைசியில் அவரே குழம்பிப்போய், பசி எடுப்பதற்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். பையனுக்கு ஏற்கெனவே நன்றாகப் பசி எடுத்துக்கொண்டிருந்தது.

ஊர் இதைப் பழகிக்கொண்டதுதான் பெரிய விஷயம். பூஜை விடுமுறை முடிந்து அவனுடைய அம்மா தங்கபுஷ்பம் அவனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தபோது, செத்தவன் பள்ளிக்கூடம் வரலாமா என்று பிள்ளைகள் வேப்பமரத்தடியில் கூடிப் பேசினார்கள். தூக்கிக்கொண்டு வந்தால் வரலாம், தானாக வரக்கூடாது என்று முடிவானது. சாப்பிடலாமா என்று அடுத்த கேள்வி. சாப்பிடாவிட்டால் நிஜமாகச் செத்துவிடுவான், அது ஆட்டத்தில் கிடையாது, அதனால் சாப்பிடலாம் என்றார்கள். பேசலாம், சிரிக்கலாம், காப்பியடிக்கலாம். கடைசி பெஞ்சை அவனுக்காக ஒதுக்கி அதில் படுக்க வைத்தார்கள். படுத்தபடியே நோட்டை நெஞ்சில் வைத்து எழுதினான். வருகைப் பதிவேட்டில் வந்ததாகவே போட்டோம். ஆய்வுக்கு வந்த கல்வி அலுவலர் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாணவர் வருகை புரிந்துள்ளார், எனினும் மேற்படி மாணவர் விளையாட்டில் இறந்துள்ளார், பள்ளி நிர்வாகம் ஆவன செய்யவும் என்று எழுதிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆவன செய்வது எப்படி என்றுதான் தெரியவில்லை. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று எவருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் இருபத்தோராம் விதிப்படி பறிமுதல் செய்த பொருளை ஏப்ரல் மாதம் கடைசி வேலைநாளில்தான் கொடுக்க வேண்டும். அதைக்கூடத் தள்ளிவிடலாம் என்றால், தாளாளர் கோமதிநாயகம் ஐயா பதிவேட்டைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். துப்பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, ஏழு வயசுப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்தது யார் என்று நாளைக்கு ஒருவன் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றார். அப்படி ஒரு பொருளே இல்லை என்று அடித்துவிடலாமே என்று நான் சொன்னேன். ஐயா பீரோவைத் திறந்தார். பொட்டு நின்றுகொண்டிருந்தது. மூடிவிட்டார்.

போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினோம். அந்த நேரம் எங்கள் ஊருக்கு இடைத்தேர்தல் அறிவித்திருந்தார்கள், தேர்தல் முடியும்வரை ஊரில் உள்ள லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கம், ஆகவே எங்கள் கடிதத்தைப் பார்த்த எஸ்.ஐ. ஏட்டையாவோடு தானே வந்துவிட்டார். தட்டில் கையை விட்டு ஏதோ ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், நல்ல கனம் என்றார். லைசென்ஸ் எங்கே, நம்பர் என்ன, குழல் எத்தனை அங்குலம் என்று படிவத்தில் உள்ளதை வரிசையாகக் கேட்டார். தெரியாது என்றோம். தெரியாததை ஸ்டேஷனில் வாங்கி வைக்க வழியில்லை, தெரியாததை வெளியே விடவும் வழியில்லை, அதனால் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். போகும்போது ஏட்டையா பீரோவைப் பார்த்து லேசாக விறைத்து நின்று சல்யூட் அடித்ததை நான் பார்த்தேன். எதற்கு என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

மற்ற பிள்ளைகளும் பயந்துபோய்த் தாங்களாகவே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் வாள் கொடுத்தான், ஒருத்தி வில்லும் மூன்று அம்பும் கொடுத்தாள், எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று கண்ணில் இருந்து வரும் நெருப்பைக் கொடுத்துவிட்டு அதற்கு ரசீது கேட்டது. பீரோவின் முன்னங்கால் இரண்டும் தரையில் இறங்கிவிட்டன. மைதானத்தில் சத்தமே இல்லை. இடைவேளையில் பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிட்டார்கள். இத்தனை ஒழுங்கான பள்ளியைப் பார்த்ததில்லை என்று சில பெற்றோர் பாராட்டினார்கள். ஜெபக்கனி டீச்சர் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ளவில்லை. இடைவேளை முழுக்க ஜன்னலோரம் நின்று, ஏன் இப்படி இருக்கிறது, ஏன் இப்படி இருக்கிறது என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் கடலைமிட்டாய் கம்பெனியில் பொட்டலம் போடுகிறவள். புருஷன் இல்லை. காலையில் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் கிடத்திவிட்டு வேலைக்கு ஓடுவாள், மத்தியானம் ஓடிவந்து அவனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவாள், சாயங்காலம் திரும்பத் தூக்குவாள். ஐப்பசி மழையில் ஒரு கையால் குடையும் பிடிப்பாள். இரண்டு மாதத்தில் பையன் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தான், அவன் பாதங்கள் அவள் முழங்காலில் இடித்தன. அதுவரை அவள் ஒருநாளும் யாரிடமும் சண்டை போடவில்லை. கார்த்திகை முடியப்போகும் நேரத்தில் ஒருநாள் காலை அவனைக் கிடத்திவிட்டு, நேரே அலுவலகத்துக்கு வந்து, நானும் ஜெபக்கனி டீச்சரும் இருக்கும்போது பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல எல்லாம் எப்பம்மா எந்திப்பேன், எப்பம்மா எந்திப்பேன்னு தெனம் கேப்பான் டீச்சர். இப்பம் ஒரு வாரமாக் கேக்கவே மாட்டேங்கான். அவனுக்கு இது பழகிட்டு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஜெபக்கனி டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் மேசை டிராயரைத் தானே திறந்து பீரோச் சாவியை எடுத்தார். விதி என்று நான் ஆரம்பித்தேன். நான் எழுதின விதிதானே சார் என்றார். என் இருபது வருஷத்தில் அவர் ஒரு விதியை மீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

பொன்ரதியை வரவழைத்தோம். பீரோவைத் திறந்து, எடுத்துக்கோம்மா என்றோம். அவள் கையை நீட்டினாள். கை பொட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது, பம்பரத்தில் இடித்தது. திரும்ப நீட்டினாள். திரும்பவும் அப்படியே. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எங்கிட்டதான் துப்பாக்கி இல்லையே மிஸ். நூறு தடவை எழுதிட்டேன்லா. அப்பா கையெழுத்தும் போட்டாச்சு."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு பொன்ரதி மேசையருகே வந்து, பறிமுதல் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பொருள் துப்பாக்கி. பெற்றுக்கொண்டவர் ஜெபக்கனி. விரலை அந்தக் கையெழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு, அது இப்பம் உங்களுது மிஸ் என்றாள்.

அதற்குள் விஷயம் கேட்டு வந்துவிட்ட தாளாளர் ஐயா வேறு யாராவது செய்யட்டுமே என்றார், கூட வந்த பி.டி. மாஸ்டர் தானே முன்வந்து கையை விட்டுப் பார்த்தார், அவர் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. எஸ்.ஐ. கைக்கு அன்றைக்கு எப்படித் தட்டுப்பட்டது என்று கேட்டால், அவருக்குத் துப்பாக்கியை எடுக்கும் அதிகாரம் உண்டு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. டீச்சர் என் பக்கம் திரும்பி, மெல்லச் சொன்னார்.

"எனக்கு விளையாடத் தெரியாது சார். எங்க வீட்ல நான் மூத்தவ. எனக்குக் கீழ அஞ்சு பேரு."

தெரியாவிட்டால் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள் என்றேன். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதே ஆச்சரியம்.

அவர் பீரோவுக்குள் கையை விட்டார். கை எதன்மேலோ பட்டு நின்றது. வெளியே எடுத்தபோது மணிக்கட்டு கனத்தில் இறங்கியது, இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினார். சந்தனமும் குங்குமமும் கலந்த அந்தப் பொட்டு அவருடைய விரல்களுக்கு மேலே கூடவே வந்தது. இடைவேளை மணி அடித்ததும் இசக்கிராஜைத் தூக்கிக்கொண்டு போய், அவன் விழுந்த அதே இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், மல்லாக்கக் கிடத்தினார்கள். பள்ளி முழுக்க வட்டமாக நின்றது. பக்கத்துத் தெருக்காரர்கள் சுவருக்கு மேல் தலை நீட்டினார்கள்.

முதலில் ஒரு தடவை வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும், அப்போதுதான் துப்பாக்கிக்குப் புது ஆளைத் தெரியும் என்று பொன்ரதி சொல்லிக் கொடுத்தாள். முழங்கால் மண்ணில் பட வேண்டும் என்றாள். டீச்சர் இஸ்திரி போட்ட சேலையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், முழங்காலிட்டார். ஒரு கண்ணை மூடச் சொன்னபோது அவரை அறியாமல் இரண்டும் மூடிக்கொண்டன, ஒரு பிள்ளை போய் ஒன்றைத் திறந்துவிட்டது. பிறகு அவர் டிக்டேஷன் கொடுப்பது போலத் தெளிவாக டுமீல் என்றார். செல்லாது என்று பிள்ளைகள் தலையாட்டினார்கள். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார், அதுவும் செல்லாது. தங்கபுஷ்பம் வட்டத்துக்கு வெளியே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அவளைப் பார்த்தார், கீழே கிடந்தவனைப் பார்த்தார், அவன் இவர்கள் யாரையும் பார்க்காமல் மேலே போகிற மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் தடவை அவர் அலறிய அலறலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்தன, டவுன் பஸ் ஒன்று நின்றுவிட்டுப் போனது, எல்.கே.ஜி.யில் இரண்டு பேர் அழுதார்கள்.

அவர் முழங்காலாலேயே நகர்ந்துபோய் அவன் நெற்றியைத் தொட்டார். உயிர் என்றார். அந்தச் சொல்லுக்குக் குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. இசக்கிராஜ் எழுந்தான். எழுந்து, டிரவுசரில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். தங்கபுஷ்பம் வட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள், பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு தள்ளி நிறுத்தி நடடா என்றாள், நடந்தான், திரும்ப நடடா என்றாள், திரும்பவும் நடந்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். எதற்காகத் தட்டுகிறோம், யாருக்காகத் தட்டுகிறோம் என்று யாருக்கும் சரியாக விளங்கவில்லை.

நடந்து வந்தவன் ஜெபக்கனி டீச்சர் முன்னால் நின்று கையை நீட்டினான். எழுந்தவனுக்கு அடுத்த வாய்ப்பு என்பது விதி. டீச்சர் கொஞ்சமும் யோசிக்காமல், பெரிய பாரத்தை இறக்கி வைக்கிற நிம்மதியோடு அதை அவன் கையில் கொடுத்தார். அவன் நாலு அடி பின்னால் போனான். முழங்காலை மண்ணில் வைத்தான். ஒரு கண்ணை மூடினான். டுமீல் என்றான்.

ஐம்பத்திரண்டு வயதில் ஜெபக்கனி டீச்சர் விழுந்தார். நெஞ்சைப் பிடிக்கவில்லை, சுற்றவில்லை, ஒழுங்காக, சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மல்லாந்து படுத்துவிட்டார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், இரண்டு மாதத்துச் சத்தம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து, தூரத்தில் எதையும் கவனிக்காமல் கடிகாரத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த செண்பகவடிவு, இடைவேளை முடிந்த மணியை அடித்தாள். மணி அடித்ததும் செய்துகொண்டிருப்பதை அப்படியே பாதியில் விட்டுவிட்டு ஓசையின்றி வரிசையில் நிற்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. ஜெபக்கனி டீச்சர் வருஷக்கணக்காக அடித்துப் பழக்கிய விதி. ஒரு நொடியில் மைதானம் அமைதியானது, பிள்ளைகள் வகுப்பு வாரியாக வரிசை கட்டினார்கள், நடந்தார்கள், யாரும் யார் நெற்றியையும் தொடவில்லை.

நான் ஓடிப்போய் டீச்சருக்குக் கை கொடுத்தேன். அவருடைய கை என் கையில் மடிந்து விழுந்தது. அவருக்கு வலியில்லை, பதற்றமும் இல்லை. மத்தியான இடைவேளை பன்னிரண்டே முக்காலுக்கு, அதுவரை நாலாம் வகுப்புக்கு யாரையாவது அனுப்புங்கள் சார் என்றார். சரி டீச்சர் என்றேன். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே என்ன போடுவது என்று எனக்குக் கவலையாக இருந்தது, அதை அப்போது கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பறிமுதல் பதிவேட்டை அவர் முகத்தில் வெயில் விழாமல் விரித்துப் பிடித்தேன்.

"சார், எனக்கு இங்க இருந்து தெரியல. இசக்கிராஜ் வரிசைல நடந்து போறானா?"

பார்த்தேன். மூன்றாம் வகுப்பு வரிசையில் கடைசி ஆளாகப் போய்க்கொண்டிருந்தான், வலது கையை டிரவுசர் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான், அந்தப் பாக்கெட் ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியது. நாலு அடிக்கு ஒரு தடவை டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

நடக்கிறான் டீச்சர் என்றேன்.